புற்றுநோய்க் கதிர்ச்சிகிச்சை: பௌதிக அடிப்படைகளும் கருவிகளும்

புற்றுநோய்க்கு அளிக்கப்படும் சிகிச்சைகளுள் சத்திரசிகிச்சையும் மருந்தும் வைத்தியக் கலையின் பழைய உடைமைகள். கதிர்ச்சிகிச்சை அவ்வாறன்று, அது பௌதிகவியல் ஆய்வுகூடத்திற் பிறந்து வைத்தியசாலைக்குக் குடிபெயர்ந்தது. 1895ஆம் ஆண்டு நவம்பரில் றொன்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டார். 1896இல் பெக்கரல் யுரேனியத்தின் கதிர்த்தொழிற்பாட்டையும், 1898இல் கியூரி தம்பதியர் இரேடியத்தையும் அறிவித்தனர். 1899இலேயே சுவீடனின் ஸ்ரொக்கோம் நகரில் தோற் புற்றுநோய் எக்ஸ் கதிர்களாற் குணமாக்கப்பட்டுவிட்டது. ஒரு கண்டுபிடிப்பு நான்கே ஆண்டுகளில் நோயாளியின் உடலிற் பயன்கண்டமைக்கு இதற்கு ஒப்பான உதாரணங்கள் விஞ்ஞான வரலாற்றில் அதிகம் இல்லை.

எமது மக்களின் பேச்சுவழக்கில் இச்சிகிச்சைக்குக் 'கறண்ட் பிடித்தல்' என்று பெயர். நோயாளியின் உடலினூடாக மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. அது மட்டுமன்றி, நெடுங்காலம் பயன்பட்டுவந்த கோபாற்றுப் பொறியிற் கதிரை உண்டாக்குவதும் மின்சாரமன்று. ஆயினும் இவ்வழக்கை அறியாமை என்று ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. கண்ணுக்குப் புலனாகாத, சூடும் நோவும் தராத, ஆயினும் உடலை மாற்றிவிடுகின்ற ஒன்றுக்கு மக்கள் தாம் அறிந்தவற்றுள் மிக அண்மித்த பெயரை இட்டிருக்கின்றனர். அப்பெயருக்குப் பின்னால் உள்ள பொருளை விளக்குவதும், எமது நாடு போன்ற நாடுகளில் எந்தப் பொறி வேண்டும் என்று அடிக்கடி எழுகின்ற வினாவுக்குப் பௌதிகம் தருகின்ற விடையை நோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிறிய சக்தி, பெரிய விளைவு

கதிரளவின் அலகு கிறே எனப்படும். ஒரு கிலோகிராம் திணிவுடைய இழையம் ஒரு யூல் சக்தியைக் கதிர்வீச்சிலிருந்து உறிஞ்சுமாயின் அது பெற்ற அளவு 1 கிறே. பிரித்தானியப் பௌதிகவியலாளர் ஹரோல்ட் கிறேயின் பெயரால் 1975இல் இவ்வலகு ஏற்றுக்கொள்ளப்பட்டது. பழைய நூல்களிற் காணப்படும் 100 ராட் இதற்குச் சமன்.

இங்கே ஒரு புதிரை வாசகர் கவனித்தல் வேண்டும். உடல் முழுவதும் ஒரே தடவையில் 4 கிறே அளவைப் பெறும் ஒருவர், தக்க வைத்தியம் கிடைக்காவிடின், இறந்துபோகும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகும். 60 கிலோகிராம் நிறையுடைய உடலில் இது 240 யூல். சூடான தேநீரிற் கால் தேக்கரண்டி அளவு வாய்க்குள் போனால் உடலுக்குக் கிடைக்கும் வெப்பம் இவ்வளவுதான். உடலின் வெப்பநிலை ஒரு பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்கே உயரும். எனவே கதிர் கொல்வது வெப்பத்தாலன்று. தேநீரின் சக்தி கோடானுகோடி மூலக்கூறுகளிடையே சமமாகப் பகிரப்படுகின்றது. கதிரின் சக்தியோ பொட்டலம் பொட்டலமாக, ஒரு சில மூலக்கூறுகளின் மேல் மட்டும் இறங்குகின்றது. அப்பொட்டலம் ஒவ்வொன்றும் ஓர் இலத்திரனை அணுவிலிருந்து பிடுங்கி எறியப் போதிய வலிமையுடையது. இதுவே அயனாக்கல்.

எக்ஸ் கதிரோ காமாக் கதிரோ தானே நேரடியாகச் செய்யும் சேதம் மிகக் குறைவு. அது ஓர் இலத்திரனை உதைத்துத் தள்ளுகின்றது. விரைந்தோடும் அவ்விலத்திரனே தன் வழியெங்கும் அயன்களை விட்டுச் செல்கின்றது. கலத்தின் பெரும்பகுதி நீராகையால் நீர் மூலக்கூறுகள் உடைந்து ஐதரொட்சில் மூலிகங்கள் தோன்றுகின்றன. அவை கலக் கருவினுள் உள்ள டி.என்.ஏ. இழைகளைத் தாக்குகின்றன. 1 கிறே அளவு ஒரு கலத்தினுள் ஏறத்தாழ 1000 ஒற்றையிழை முறிவுகளையும் 40 வரையான ஈரிழை முறிவுகளையும் விளைவிக்கின்றது. ஒற்றை முறிவைக் கலம் எளிதிற் செப்பனிடும், எதிரிழை அச்சாக உதவுவதால். இரண்டிழையும் ஒருங்கே முறிந்த இடத்திலேயே பிழை நேர்கின்றது. அப்பிழையோடு கலம் பிரிய முயலும்போது மடிகின்றது. கதிரூட்டிய மறுநாளே கட்டி கரையாததன் காரணம் இதுவே.

ஒட்சிசனின் பங்கையும் குறிப்பிடல் வேண்டும். மூலிகம் ஏற்படுத்திய காயத்தை ஒட்சிசன் நிலைபெறச் செய்கின்றது. ஒட்சிசன் அற்ற கலத்தைக் கொல்ல, அஃதுள்ள கலத்துக்கு வேண்டியதைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை கதிரளவு தேவை. விரைந்து வளர்ந்த கட்டியின் நடுவே குருதிக்கலன்கள் போதாமையால் இத்தகைய மூச்சடங்கிய கலங்கள் தங்கிவிடுகின்றன.

ஏன் ஏழு வாரம்?

பிரான்சில் ரெகோ என்பவர் செம்மறிக் கடாக்களின் விதைகளுக்குக் கதிரூட்டி ஆராய்ந்தார். ஒரே தடவையிற் பெரும் அளவைக் கொடுத்தால் தோல் வெந்துபோனதேயன்றி மலடாக்கல் முற்றுப்பெறவில்லை. அளவைப் பல நாட்களுக்குப் பங்கிட்டபோது தோல் தப்பியது, விதை மலடாயிற்று. ஓயாது பிரியும் கலங்களைக் கொண்ட விதையைக் கட்டிக்கு ஒப்பாகக் கொண்டால் சிகிச்சையின் இரகசியம் வெளிப்படுகின்றது. இவ்வறிவைப் பாரிசில் கூற்றார் என்னும் வைத்தியர் 1920களிற் குரல்வளைப் புற்றுநோய்க்குப் பயன்படுத்தி வெற்றிகண்டார். இன்றும் பல கட்டிகளுக்கு நாளொன்றுக்கு 2 கிறே, வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு அல்லது ஏழு வாரம் என 60 முதல் 70 கிறே வரை அளிப்பது வழக்கமாக உள்ளது. இரு நாட்களுக்கிடையே நல்ல இழையம் செப்பனிட்டுக்கொள்கின்றது. கட்டிக்கலம் அதில் அத்துணைத் திறமையுடையதன்று. மார்புப் புற்றுநோயில் 40 கிறேயை 15 நாட்களிலும், அண்மைக்காலத்தில் 26 கிறேயை ஐந்தே நாட்களிலும் கொடுக்கலாம் என்று பிரித்தானிய ஆய்வுகள் காட்டியுள்ளன. தலை, கழுத்துப் பகுதிக் கட்டிகளுக்கு நெடிய முறையே பெரும்பாலும் கையாளப்படுகின்றது.

இந்நெடிய முறையில் ஒரு பொறி வைக்கப்பட்டுள்ளது. சில வாரங்கள் கழிந்ததும் எஞ்சிய கட்டிக்கலங்கள் முன்னிலும் விரைவாகப் பெருகத் தொடங்குகின்றன. தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சை ஒரு நாள் நீடிக்குமாயின் கட்டி அடங்கும் வாய்ப்பு 1 சதவீத அளவிற் குறைகின்றது என்பது பல ஆய்வுகளிற் பெறப்பட்ட முடிவு. ஆதலாற் சிகிச்சையை இடையில் நிறுத்துவது ஒரு வசதியீனம் மட்டுமன்று. அது கதிரளவைக் குறைப்பதற்கு ஒப்பானது. பின்னர் பொறிகளை ஒப்பிடும்போது இதனை நாம் மறத்தலாகாது.

நோயாளியின் வீட்டுக்கும் பொறிக்கும் இடையிலான தூரமும் இக்கணக்கினுள் அடங்கும். வடபகுதி நோயாளர் மகரகமைக்குப் பயணம் செய்து அங்கே வாரக்கணக்கில் தங்கவேண்டியிருந்த காலம் எமது வாசகர் பலருக்கு நினைவிருக்கும். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைப்பதற்கு நிதி திரட்ட 2011 யூலையில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்களில் 670 கிலோமீற்றர் நடந்தவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, கதிர் உயிரியலின் ஒரு விதியைக் கால்களால் எழுதினர் எனலாம்.

ஆழம் என்னும் பிரச்சினை

தோலிலுள்ள கட்டிக்குக் கதிரூட்டுவது எளிது. களத்திலோ கருப்பைக் கழுத்திலோ உள்ள கட்டியை எட்டவேண்டுமாயின் வழியிலுள்ள நல்ல இழையத்தைக் கதிர் கடந்தாகவேண்டும். 200 கிலோவோல்ற்று அளவிலான பழைய எக்ஸ் கதிர்க் குழாய்களில் உச்ச அளவு தோலிலேயே விழுந்தது. 10 சென்ரிமீற்றர் ஆழத்தை அடைந்தது அதில் மூன்றிலொரு பங்களவே. அக்காலத்து நோயாளரின் தோல் வெந்து கறுத்ததற்குக் காரணம் வைத்தியரின் கவனக்குறைவன்று, சக்தி போதாமையே.

அதனோடு இன்னொரு குறையும் இருந்தது. தாழ்ந்த சக்தியில் ஒளிமின் விளைவு மேலோங்கும். அதன் வலு அணுவெண்ணின் மூன்றாம் அடுக்களவில் வளர்வதால், கல்சியம் நிறைந்த என்பு தசையைவிடப் பன்மடங்கு கதிரை உறிஞ்சிற்று. மார்பின் நிழற்படத்தில் விலா என்புகளை வெண்ணிறமாகக் காட்டும் அதே இயல்பு, சிகிச்சையில் என்பைச் சாகடித்தது. சக்தி ஒரு மில்லியன் இலத்திரன்வோல்ற்றை அண்மிக்கும்போது 1923இல் கொம்ரன் விளக்கிய சிதறல் விளைவு மேலோங்குகின்றது. அது பெரிதும் இலத்திரன்களின் செறிவைப் பொறுத்ததேயன்றி அணுவெண்ணைப் பொறுத்ததன்று. எனவே கிராமுக்குக் கிராம் என்பும் தசையும் ஏறத்தாழ ஒரே அளவைப் பெறுகின்றன.

உயர்சக்தி தரும் வேறொரு நன்மையை நாம் அழகானது என்றே கூறுவோம். இவ்வளவு சக்தியுடைய கதிர் உதைக்கும் இலத்திரன் முன்னோக்கியே ஓடுகின்றது. ஆகவே சேதம் தோலில் அன்றி, அதற்குச் சிறிது கீழே உச்சம் பெறுகின்றது. கோபாற்றின் கதிருக்கு இவ்வுச்சம் தோலுக்குக் கீழே அரைச் சென்ரிமீற்றரிலும், 6 மெகாவோல்ற்று எக்ஸ் கதிருக்கு ஒன்றரைச் சென்ரிமீற்றரிலும் உள்ளது. அரைச் சென்ரிமீற்றர் அற்பமாகத் தோன்றலாம். தோலைக் காப்பாற்றியது அதுதான்.

ஆழத்தை வெல்ல மற்றொரு வழி, கதிர் மூலத்தைக் கட்டியின் அருகிலேயே கொண்டுபோய் வைப்பதாகும். செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு எதிராகக் குறைவதால், ஒரு சென்ரிமீற்றரில் உள்ள கட்டி பெறுவதில் ஏறத்தாழ ஒன்பதிலொரு பங்கையே மூன்று சென்ரிமீற்றரில் உள்ள நேர்குடல் பெறும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இம்முறை இன்றியமையாதது. முன்னர் இதற்கு இரேடியம் பயன்பட்டது. 1600 ஆண்டு அரைவாழ்வுக் காலமும், றேடன் வாயு கசியும் ஆபத்தும் கொண்ட அம்மூலம் இப்போது கைவிடப்பட்டுள்ளது. 74 நாள் அரைவாழ்வுக் காலமுடைய இரிடியம்-192, கம்பி நுனியிற் பொருத்தப்பட்டு, ஊழியர் அறைக்கு வெளியே நிற்க, பொறியினாலேயே உள்ளே செலுத்தப்படுகின்றது.

கோபாற்றுப் பொறி

இயற்கையான கோபாற்று-59ஐ அணு உலையினுள் வைத்தால் அது ஒரு நியூத்திரனை விழுங்கிக் கோபாற்று-60 என்னும் சமதானியாகின்றது. அது சிதையும்போது 1.17, 1.33 மில்லியன் இலத்திரன்வோல்ற்றுச் சக்தியுடைய இரு காமாக் கதிர்களை வெளிவிடுகின்றது. கனடாவின் சோக் றிவர் உலையிற் செய்யப்பட்ட மூலங்களைக் கொண்டு 1951 ஒக்டோபரில் ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரிலும், அடுத்த மாதம் ஹரோல்ட் ஜோன்ஸ் அமைத்த பொறியினாற் சஸ்கற்றூனிலும் சிகிச்சை தொடங்கிற்று. அவ்வுலை போர்க்கால அணுத்திட்டத்தின் பிள்ளை என்பதை நினைவிற்கொள்வது பொருந்தும்.

பொறியின் அமைப்பு எளிமையானது. பெருவிரல் நுனியளவான உருக்குச் சிமிழொன்றினுள் கோபாற்று. அதைச் சூழப் பல நூறு கிலோகிராம் ஈயம். சிகிச்சையின்போது மூலம் ஒரு வாயிலுக்கு நேரே நகர்த்தப்படுகின்றது. நேரம் முடிந்ததும் மீளுகின்றது. மின்சாரம் நின்றாலும் மூலம் தானாகவே உள்ளே திரும்பும். கதிரை அணைக்கத்தான் முடியாது; மறைக்கவே முடியும்.

குறைகள் இரண்டு. மூலம் ஒன்றரை முதல் இரண்டு சென்ரிமீற்றர் வரை அகலமுடையதாகையால் கற்றையின் ஓரம் கூர்மையற்று அயனிழலாகக் கலைகின்றது. அகன்ற விளக்கின் முன் பிடித்த கையின் நிழலோரம் மங்குவது போன்றதே இது. கட்டிக்கு அருகே முண்ணாண் இருக்குமாயின் இம்மங்கல் பெரும் இடர். இரண்டாவது, 5.27 ஆண்டுகளில் மூலத்தின் வலு பாதியாகின்றது. மாதத்துக்கு ஏறத்தாழ 1 சதவீதம். புதிய மூலத்தில் 2 நிமிடத்திற் கொடுத்த அளவைப் பத்தரை ஆண்டு கழித்துக் கொடுக்க 8 நிமிடம் வேண்டும். பொறி பழுதின்றி ஓடுகின்றது என்று கணக்குப் புத்தகம் கூறும். வெளியே வரிசை நான்கு மடங்காகியிருக்கும்.

நேர்கோட்டு ஆர்முடுக்கி

1940இல் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் றன்டாலும் பூட்டும் ராடாருக்காக உருவாக்கிய மக்னெற்றனே இப்பொறியின் இதயம். ஏறத்தாழ 3000 மெகாஹேட்ஸ் மீடிறனுடைய நுண்ணலைகளை அது பிறப்பிக்கின்றது. காற்று நீக்கப்பட்ட செப்புக் குழாயொன்றினுள் அவ்வலைகளைச் செலுத்தி, அலையின் மேல் கட்டுமரம் ஏறுவதுபோல் இலத்திரன்களை ஏற்றிவிட்டால், ஒரு மீற்றருக்கும் குறைந்த நீளத்தில் அவை 6 மில்லியன் இலத்திரன்வோல்ற்றுச் சக்தியையும் ஒளிவேகத்தின் 99 சதவீதத்துக்கு மேற்பட்ட வேகத்தையும் அடைகின்றன. பின் தங்குதன் இலக்கொன்றில் மோதி எக்ஸ் கதிர்களாக மாறுகின்றன. லண்டன் ஹமர்சிமித் வைத்தியசாலையில் 1953இல் இத்தகைய பொறியாற் சிகிச்சை தொடங்கப்பட்டது.

இலத்திரன் மோதும் புள்ளி சில மில்லிமீற்றருக்கு மேற்படாது. ஆதலால் அயனிழல் சிறிது. சில மில்லிமீற்றர் அகலமுடைய தங்குதன் தகடுகள் பல, தனித்தனி மோட்டாரால் நகர்ந்து, கற்றையைக் கட்டியின் உருவுக்கேற்ப வெட்டுகின்றன. பொறி நோயாளியைச் சுற்றிவருகையில் இத்தகடுகள் இடைவிடாது உருமாறுவதால், முண்ணாணைச் சுற்றி வளைந்த கட்டிக்கும் வளைந்த கதிரளவையே கொடுக்க முடிகின்றது. மின்சாரம் நின்றால் கதிரும் நிற்கும். புதைக்கவேண்டிய மூலம் எதுவும் இல்லை.

புரோத்தன் கற்றை வேறொரு விடயம். 1946இல் றொபேட் வில்சன் முன்மொழிந்த அது, தன் ஓட்டத்தின் இறுதியிலே சக்தியைக் கொட்டிவிட்டு நின்றுபோகும். அதன் செலவு எம்போன்ற நாடுகளின் எட்டாத தூரத்தில் உள்ளது.

எந்தப் பொறி?

'கோபாற்று பழையது, ஆர்முடுக்கி புதியது, எனவே புதியதே வேண்டும்' என்னும் வாதத்தை நாம் அடிக்கடி கேட்கின்றோம். 6 மெகாவோல்ற்று என்பது உச்சச் சக்தி. அக்கற்றையின் சராசரிச் சக்தி 2 மில்லியன் இலத்திரன்வோல்ற்றளவே, கோபாற்றினுடையது 1.25. பத்துச் சென்ரிமீற்றர் ஆழத்தில் முன்னது உச்சத்தின் 67 சதவீதத்தையும் பின்னது 56 சதவீதத்தையும் கொண்டுசேர்க்கின்றது. இவ்வேறுபாட்டின் ஒரு பகுதியைப் பல திசைகளிலிருந்து கதிரூட்டி ஈடுசெய்யலாம். கழுத்திலுள்ள நிணநீர் முடிச்சு போன்ற ஆழமற்ற இலக்குகளுக்குக் கோபாற்று குறைந்ததன்று. ஆழத்திலோ முண்ணாணுக்கு அருகிலோ உள்ள கட்டிகளில் ஆர்முடுக்கியின் மேன்மையை மறுப்பது பிடிவாதமேயாகும்.

ஆயின் ஆர்முடுக்கி குளிர்நீரும் குளிரூட்டிய அறையும் சீரான மின்னும் வேண்டி நிற்பது. எமது நாட்டில் 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. மக்னெற்றன் ஒன்று பழுதடைந்து, உதிரிப்பாகத்துக்கு அந்நியச்செலாவணி கிடைக்கும் வரை பத்து நாள் பொறி நின்றால், நாம் மேலே கூறிய நாளொன்றுக்கு ஒரு சதவீதக் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். கோபாற்றோ தன் பங்குக்கு இன்னொரு கடனைச் சுமத்துகின்றது: மூலம் மாற்றலும், பழையதைப் பாதுகாப்பாக அகற்றலும். பிரேசிலின் கொயானியா நகரில் 1987இல், கைவிடப்பட்ட சிகிச்சை நிலையமொன்றில் இருந்த சீசியம்-137 பொறியைப் பழைய இரும்பு சேகரித்தோர் உடைத்தனர். நீலமாக ஒளிர்ந்த தூள் வீடு வீடாகச் சென்றது. நால்வர் இறந்தனர், 249 பேரிற் கதிர்மாசு காணப்பட்டது.

எமது கருத்து இதுதான். பராமரிப்பு ஒப்பந்தமும் உதிரிப்பாகமும் பயிற்சிபெற்ற பொறியியலாளரும் உறுதியாயின் ஆர்முடுக்கியே வேண்டும். ஒன்றன்று, ஒரே வகையான இரண்டு, ஒன்று நின்றால் மற்றது தாங்கும்படி. அவ்வுறுதி இல்லாதவிடத்து ஓடுகின்ற கோபாற்று நிற்கின்ற ஆர்முடுக்கியிலும் மேலானது. புற்றுநோயாளரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நோயின் ஏதோவொரு கட்டத்திற் கதிர்ச்சிகிச்சை தேவைப்படுகின்றது. ஆனால் ஆபிரிக்காவில் 20க்கு மேற்பட்ட நாடுகளில் ஒரு பொறியேனும் இல்லை என்று சர்வதேச அணுசக்தி முகவரகம் 2022இல் அறிவித்தது. இவ்விவாதத்தைச் செல்வ நாடுகளின் விற்பனைப் பட்டியலைக்கொண்டு முடிவுசெய்வது நியாயமன்று.

அளப்பவர்

பொறிகளின் விவாதத்தில் மறக்கப்படுபவர் ஒருவர் உண்டு. அவர் வைத்தியப் பௌதிகவியலாளர். பொறியிலிருந்து ஒரு நிமிடத்திற் புறப்படும் அளவை நீர்த்தொட்டியினுள் அயனாக்க அறையை அமிழ்த்தி அளந்து, அதிலிருந்து ஒவ்வொரு நோயாளிக்கும் உரிய நேரத்தைக் கணிப்பவர் அவரே.

1996இல் கொஸ்ரறிக்காவின் சான் ஹோசே நகரில் ஒரு கோபாற்றுப் பொறிக்குப் புதிய மூலம் இடப்பட்டது. அதனை அளவிடும்போது நேரங்காட்டியில் 0.3 நிமிடம் என்றிருந்தது 30 செக்கன் எனக் கொள்ளப்பட்டது. 0.3 நிமிடம் 18 செக்கனாகும். மூலத்தின் வலு உண்மையிலும் குறைவு எனக் கணிக்கப்பட்டு, ஒவ்வொரு நோயாளியும் வேண்டியதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு அதிகமாகப் பெற்றார். நூற்றுக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர், சிலர் இறந்தனர். அங்கே பொறியில் எப்பழுதும் இல்லை. ஆர்முடுக்கி இத்தகைய விபத்துக்கு விலக்கானது என்றும் எண்ணலாகாது: 1985க்கும் 1987க்கும் இடையே ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரு பொறியின் கணினி நிரலில் இருந்த பிழையால் ஆறு நோயாளர் மிகையான கதிரளவு பெற்றனர்.

இத்தகைய பிழையைப் பிடிக்க மலிவான வழியொன்று உண்டு. சர்வதேச அணுசக்தி முகவரகமும் உலகச் சுகாதார நிறுவனமும் 1969ஆம் ஆண்டு தொடங்கிய தபால்வழிச் சோதனையில், இலிதியம் புளோரைட்டுத் தூள் அடைத்த சிறு குளிகைகள் வைத்தியசாலைகளுக்கு அனுப்பப்பட்டன. வைத்தியசாலை அவற்றுக்குத் தன் பொறியால் 2 கிறே கொடுத்துத் திருப்பி அனுப்பும். வியன்னாவுக்கு அருகேயுள்ள ஆய்வுகூடத்தில் தூளைச் சூடாக்கினால் அது பெற்ற கதிருக்கேற்ப ஒளிரும். 2017 முதல் தூளின் இடத்தைக் கண்ணாடித் துண்டுகள் பெற்றுள்ளன, முறை மாறவில்லை. கொடுத்ததாகச் சொன்னதும் உண்மையிற் கொடுத்ததும் 5 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் ஆய்வுகூடம் வைத்தியசாலைக்கு எழுதிக் கேட்கும். தபாற் செலவைத் தவிர வைத்தியசாலை இதற்குக் கொடுக்கவேண்டியது, பொறியின் சில நிமிட நேரமும் விடையை எதிர்கொள்ளும் துணிவுமே.